பள்ளிக்கூடத்தைப் பூட்டியது யார்?

"அம்புட்டுச் சம்பளம் வாங்கியும் பத்தலையாம்ல!" ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் போராட்டம் என்று டிவியில் எழுத்து ஓடினால் போதும், விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி வரை பஸ்ஸிலும் டீக்கடையிலும் நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையிலும் முதலில் விழும் பேச்சு இதுதான். பின்னாலேயே அடுத்ததும் வந்துவிடும்: "அவுக பிள்ளைக பிரைவேட்டுல படிக்குது, நம்ம பிள்ளைகளத்தான் தெருவுல விடுறாக."

சங்க மேடைகளில் இதைப் பொறாமைப் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளிவிட முடியாது. பரளச்சி வட்டாரம் மானாவாரிக் கரிசல். மழை கைகொடுத்தால் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து. கைவிட்டால் சீமைக்கருவேல் வெட்டி மூட்டம் போட வேண்டும், இல்லையென்றால் விடியுமுன் மில் வேன் ஏற வேண்டும். இப்படியொரு வீட்டில் மூணாப்புப் பிள்ளைக்குப் பள்ளி இல்லை என்றால் பெரியவர் ஒருவரின் அன்றைய கூலி போகும். டியூஷன் கிடையாது, வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் ஆள் கிடையாது. டவுனில் வசதியான வீட்டுப் பிள்ளை பத்து நாளில் சரிக்கட்டிவிடும் பாடம் இங்கே அந்த வருடம் முழுக்கப் பிடிபடாமலே போகலாம்.

ஆய்வும் பெற்றோர் பக்கம்தான் நிற்கிறது. அர்ஜென்டினாவில் 1983 முதல் 30 ஆண்டு காலம் நடந்த ஆசிரியர் வேலைநிறுத்தங்களை டேவிட் ஜாமே, அலெக்சாண்டர் வில்லேன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். தொடக்கப் பள்ளிப் பருவத்தில் சராசரியாக 88 நாட்களை வேலைநிறுத்தத்துக்குப் பறிகொடுத்த பிள்ளைகள், வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் குறைவாகவே சம்பாதித்தார்கள். ஆண்களுக்கு 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல், பெண்களுக்கு 2 விழுக்காட்டை ஒட்டி. வேலைநிறுத்தத்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று இனி எந்தச் சங்கமும் சொல்ல முடியாது.

சட்டமும் அப்படித்தான். தமிழ்நாட்டு அரசு ஊழியர் நடத்தை விதி வேலைநிறுத்தத்தைத் தடை செய்கிறது. 2003 ஆகஸ்ட் 6 அன்று டி.கே.ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆக, பெற்றோர் தரப்பு வாதம் வலுவானதுதான். ஆனால் இதிலிருந்து ஊர் எடுக்கும் முடிவு வேறு: பள்ளி கெடுவதற்குக் காரணம் போராட்டம், போராடுகிறவரை ஒடுக்கினால் பள்ளி தேறிவிடும். நிற்காத முடிவு இது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே கேடாக முடிகிற முடிவும்கூட.

1. நாட்களை எண்ணத் தொடங்கினால் முழுக்க எண்ண வேண்டும்.

2019-இன் பெரிய வேலைநிறுத்தம் ஜனவரி 22 செவ்வாய்க்கிழமை தொடங்கி 30 புதன்கிழமை முடிந்தது. நடுவில் வந்த குடியரசு தினத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் கழித்தால் ஏழு பள்ளி நாட்கள். அதற்கு முந்தியது 2017 செப்டம்பரில், 7-ஆம் தேதி முதல் 15-ஆம் தேதி வரை. பல இடங்களில் இந்த நாட்களிலும் சில ஆசிரியர்கள் வந்து கையெழுத்துப் போட்டு வகுப்பெடுத்தார்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஏழு நாளும் முழு இழப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது மற்ற நாட்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்புகள் ஐந்து. திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சின்ன ஊர்களில் இந்த ஈராசிரியர் பள்ளிதான் பள்ளிக்கூடம். ஒருவரிடம் ஒண்ணாப்பு, ரெண்டாப்பு, மூணாப்பு. மற்றவரிடம் நாலாப்பு, அஞ்சாப்பு. டீச்சர் ஒண்ணாப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கும் நேரத்தில், அதே அறையில் ரெண்டாப்பு அட்டையைப் புரட்டிக்கொண்டிருக்கும், மூணாப்பு பெருக்கல் கணக்கைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். செயல்வழிக் கற்றலும் எண்ணும் எழுத்தும் திட்டமும் இந்த நெருக்கடியைச் சமாளிக்க வந்த வழிகள்தான், பயனும் உண்டு. ஆனால் கணக்கு மாறாது. சட்டம் கேட்பது வருடத்துக்கு 200 வேலை நாள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால் ஒரு வகுப்புக்கு ஆசிரியரின் நேர் கவனம் சராசரியாக 80 நாள் அளவுதான் கிடைக்கும். மீதி 120 நாள் ஆசிரியர் அறையில் இருக்கிறார், ஆனால் வேறு வகுப்போடு இருக்கிறார். இத்தனைக்கும் இது எந்த விதிமீறலும் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போதே நிலைமை இது.

ஒழுங்காக நடக்காதபோது? ஒருவர் மகப்பேறு விடுப்பில் போவார், அல்லது பயிற்சிக்குப் போவார், அல்லது பக்கத்துப் பள்ளிக்கு டெபுடேஷனில் போவார். அன்று அது ஓராசிரியர் பள்ளி. 2025 நவம்பர் 4-இல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கிய வாக்குச்சாவடி நிலை அலுவலர்களில் ஆசிரியர்கள் நிறையப் பேர். அந்த வேலை ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தேர்தல் பணிக்கு விலக்குத் தருகிறது, உண்மை. ஆனால் பட்டியல் திருத்த வேலையை விடுமுறை நாளிலும் பாடம் நடக்காத நேரத்திலும்தான் ஆசிரியருக்குத் தர வேண்டும் என்று 2007 டிசம்பரில் செயின்ட் மேரீஸ் பள்ளி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரங்கராஜன் தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேட்டதில்லை.

அர்ஜென்டினாவின் 88 நாட்களை ஆதாரமாகக் காட்டுகிறவர் அதன் உட்பொருளையும் ஏற்றாக வேண்டும். அங்கே பிள்ளைக்குக் கேடு செய்தது ஆசிரியர் இல்லாத நாள். அவர் கொடி பிடிக்கப் போனதால் இல்லையா, ஆணை வாங்கிக்கொண்டு போனதால் இல்லையா, ஆளையே போடாததால் இல்லையா என்பது மூணாப்புப் பிள்ளையின் வாசிப்புக்கு ஒன்றுதான்.

சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போடுகிற ஆசிரியரை மறந்துவிடவில்லை. இந்தியக் கிராமப் பள்ளிகளில் எந்த நாளிலும் நான்கில் ஒருவர் பள்ளியில் இல்லை என்று கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோரின் ஆய்வுகள் சொல்லி வந்தன. 2017-இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்து, இல்லாதவர்களைக் காரணம் வாரியாகப் பிரித்தது. அனுமதியில்லாமல் வராதவர்கள் 2.5 விழுக்காடு. இல்லாதவர்களில் பெரும்பாலோர் அலுவல் வேலையிலோ முறையான விடுப்பிலோ இருந்தார்கள்.

இங்கே தேர்ச்சி விழுக்காட்டை எடுத்துக்காட்டி, போராட்டத்தால் எதுவும் கெடவில்லை என்று வாதிடும் ஆசிரியர் தலைவர்களும் உண்டு. 2017 செப்டம்பர் போராட்டத்துக்கு அடுத்து வந்த 2018 பிளஸ் டூ தேர்வில் விருதுநகர் மாவட்டம்தான் மாநிலத்தில் முதலிடம். 2019-இல் மாநிலத் தேர்ச்சி முந்தைய ஆண்டின் 91.1-இலிருந்து 91.3 ஆனது. ஆனால் அதே 2018 ஜனவரியில் நிதி ஆயோக் வெளியிட்ட, முன்னேற வேண்டிய மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டு: ராமநாதபுரம், விருதுநகர். பிளஸ் டூ முதலிடத்தால் ரெண்டாப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியாது. இரு தரப்புக்கும் இந்த எண்கள் உதவாது.

2. வராத வாத்தியாரின் இடத்தில் ஒரே வாரத்தில் ஆள் போட முடிந்தது எப்படி?

2019 ஜனவரியில் போராட்டம் சூடு பிடித்ததும் அரசு தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தச் சொன்னது. தொகுப்பூதியம் முதலில் 7,500 ரூபாய் என்றார்கள், பிறகு 10,000 ஆக்கினார்கள். கையில் டி.டி.எட்., பி.எட். சான்றிதழோடு இளைஞர்கள் கல்வி அலுவலகங்களில் குவிந்தார்கள். ஊர் அதைப் பார்த்து, "பத்தாயிரத்துக்கு வர ஆளிருக்கு, இவுகளுக்கு எதுக்கு அம்பதாயிரம்?" என்று கேட்டது.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்று. படித்துத் தகுதி பெற்றவர்கள் இத்தனை பேர் சும்மா இருந்தால், காலியிடங்கள் ஏன் காலியாகவே கிடந்தன? 2022 ஜூனில் பள்ளிக் கல்வித் துறையே எண்ணிச் சொன்ன காலியிடம் 13,331. அதில் இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுநிலை ஆசிரியர் 3,188. அவற்றையும் நிரந்தரமாக நிரப்பவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 7,500, 10,000, 12,000 ரூபாய்க்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கச் சொன்னார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனத்துக்குத் தேர்வு நடந்தது 2024 ஜூலை 21-இல்தான், ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு.

போராட்டத்தை முறியடிக்க ஒரு வாரத்தில் ஆள் தேடுகிற அரசு, பிள்ளைக்குப் பாடம் நடத்தப் பத்து வருடம் எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டில் எதன் மேல் பெற்றோருக்குக் கோபம் வர வேண்டும்?

3. "லட்சம் வாங்குகிற வாத்தியார்" எந்த வாத்தியார்?

டீக்கடைக் கணக்கில் எல்லா ஆசிரியரும் ஓய்வை நெருங்கும் தலைமை ஆசிரியர்தான். பள்ளிக்குள் நிலைமை அப்படி இல்லை. 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கும் அதன் பின் சேர்ந்தவருக்கும் ஆறாவது ஊதியக் குழுவை அமல்படுத்தியபோது அடிப்படை ஊதியத்திலேயே 3,170 ரூபாய் வித்தியாசம் வந்தது. முன்னவருக்கு 11,170, பின்னவருக்கு 8,000. அதே பயிற்சி, அதே பாடப்புத்தகம், சில பள்ளிகளில் ஒரே அறை. பாதிக்கப்பட்டவர் சுமார் 20,000 பேர். அந்த 3,170-இன் மேல் அகவிலைப்படியும் மற்றப் படிகளும் ஏறி இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகன்றது. ஒரே புஞ்சையில் ஒரே களை எடுத்த இரண்டு பேருக்கு வேறு வேறு கூலி கொடுத்தால் பரளச்சியில் அன்றைக்கே சண்டை வரும். இதற்குச் சண்டை போட்டால் மட்டும் பேராசை என்கிறார்கள்.

இன்னும் கீழே போனால் பகுதி நேர ஆசிரியர்கள். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 2021-இல்தான் அது 10,000 ஆனது. அந்தப் பணத்தில் குடும்பம் நடத்த முடியாமல் விட்டுப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். விட்டுப் போன ஒவ்வொருவரும் ஒரு பள்ளியிலிருந்து போனார்கள். சம்பளம் ஆசிரியரின் சொந்த விவகாரம், அதற்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் இங்கேதான் இடறி விழுகிறது.

பென்ஷன் பேச்சு வந்தால் ஊரில் இன்னொரு நியாயமான குரல் எழும்: "நமக்கு யாரு பென்ஷன் தர்றா?" முதியோர் உதவித்தொகை 2023-இல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதற்கே மனு எழுதி அலைகிறவர்களின் ஆத்திரம் புரியும். சம்பளமும் ஓய்வூதியமும் மாநில வருவாயில் பெரும் பகுதியை விழுங்குவதும் நிஜம். ஆனால் ஆசிரியரின் ஓய்வூதியத்தைக் குறைத்தால் அந்தப் பணம் பள்ளிக்கு வருமா என்ற சோதனையைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த யாருக்கும் பழைய ஓய்வூதியம் இல்லாமல் போயிற்று. சம்பளத்தில் 10 விழுக்காடு பிடித்தம் செய்யும் பங்களிப்புத் திட்டம்தான் இருந்தது. இருபது ஆண்டு ஓடியது. அந்த மிச்சத்தில் ஈராசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் வந்தாரா? வந்தது 13,331 காலியிடம்.

4. "வேற வழியில கேட்கட்டும்" என்பவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும்.

மனு, பேச்சுவார்த்தை, குழு. எல்லாம் நடந்தன. இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாட்டைத் தீர்ப்போம் என்பது 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. தந்த 311-ஆம் வாக்குறுதி. 2022 டிசம்பர் கடைசியில் ஆசிரியர்கள் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் பட்டினி கிடந்து பலர் மயங்கி விழுந்த பிறகு, 2023 புத்தாண்டு நாளில் மூன்று பேர் குழு ஒன்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் அவர்கள் மறுபடி அங்கேயே உட்கார வேண்டியிருந்தது, அக்டோபரில் போலீஸ் அப்புறப்படுத்தியது.

பென்ஷன் கதையும் இதேதான். பழைய ஓய்வூதியம் திரும்பும் என்ற வாக்குறுதியும் 2021 தேர்தல் அறிக்கையில் இருந்தது. கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதியளிக்கும் திட்டம் அறிவிப்பாக வந்த நாள் 2026 ஜனவரி 3. ஜனவரி 6 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று ஜாக்டோ-ஜியோ நாள் குறித்திருந்தது. ஐந்து வருடம் மனுவில் நகராத கோப்பு மூன்று நாள் மிச்சமிருக்கையில் நகர்ந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்த ஊழியரும் என்ன பாடம் கற்பார்? வேலைநிறுத்தம் வேண்டாம் என்று உண்மையாகவே நினைக்கும் பெற்றோர், முதல் மனுவுக்குப் பதில் சொல்லாத அலுவலகத்தைத்தான் முதலில் நெருக்க வேண்டும்.

5. தடை போட்டுப் பார்த்தாகிவிட்டது.

2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான எஸ்மாவைக் கையில் எடுத்தது. நள்ளிரவுக் கைதுகள், ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம். இதைவிடக் கடுமையாக எந்த அரசும் நடந்துகொள்ள முடியாது. மிகப் பெரும்பாலோரைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆளும் கட்சிக்கு ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. அதற்கு இது ஒன்றே காரணம் இல்லை, இதுவும் ஒரு காரணம். 2017-இல் மதுரைக் கிளை தடை விதித்தது. 2019-இல் கைது, சஸ்பெண்ட் எல்லாம் நடந்தன. போராட்டம் நின்றதா? ரங்கராஜன் தீர்ப்பு வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்தத் தீர்ப்பே, குறைகளைச் சொல்ல வேறு அமைப்புகள் இருக்கின்றன என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. அந்த அமைப்புகள் வேலை செய்யவில்லை என்றால் தீர்ப்பின் பாதிதான் அமலில் இருக்கிறது.

6. "பிரைவேட்டுல ஸ்டிரைக் உண்டா?"

கிடையாது. சங்கமும் கிடையாது, பணிப் பாதுகாப்பும் கிடையாது. வேன் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளிப்போகும் சிறு நர்சரிப் பள்ளிகளில் பாடம் எடுக்கும் பெண்களில் பலருக்கு அரசு ஆசிரியர் வாங்குவதில் சிறு பகுதிதான் சம்பளம். அவர்களும் எதிர்ப்பைக் காட்டுகிறார்கள், வேலையை விட்டு. வருட நடுவில் மிஸ் மாறுவது அங்கே சாதாரணம். அதை யாரும் வேலைநிறுத்தம் என்று எண்ணுவதில்லை.

அரசு ஆசிரியர் தம் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புவது பற்றிய குத்தலில் நியாயம் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இதே காரணத்துக்காகச் சொன்னதைக் கேளுங்கள்: அரசிடம் சம்பளம் வாங்கும் அதிகாரிகள், மக்கள் பிரதிநிதிகள், நீதித் துறையினர் எல்லோரும் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றது. உத்தரப் பிரதேசத்தில் அது ஏட்டோடு போயிற்று. விதி என்று வந்தால் பட்டியல் டீச்சரோடு நிற்காது; தாசில்தார், எம்.எல்.ஏ., கல்வி அதிகாரி எல்லோரும் அதில் வருவார்கள்.

7. பெற்றோர் சரியாகப் பிடித்த இடம் ஒன்று உண்டு, அதை அவர்களே விட்டுவிட்டார்கள்.

2019 போராட்ட நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்றது அன்றைய அரசு. 2021-இல் ஆட்சி மாறியதும் அந்த நாட்கள் பணிக்காலமாக முறைப்படுத்தப்பட்டன. ஆசிரியருக்கு நாள் திரும்பக் கிடைத்தது. பிள்ளைக்கு? அந்த ஏழு நாளுக்கு ஈடாக ஏழு சனிக்கிழமை வகுப்பு நடத்துவோம் என்று எந்தச் சங்கமும் நிபந்தனையாக எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை, அரசும் கேட்டதாகத் தெரியவில்லை. சங்கங்கள் மேல் வைக்க வேண்டிய கனமான குற்றச்சாட்டு இது. ஊர்ப் பேச்சில் இது வருவதே இல்லை.

இழந்த பாடத்தை மீட்க முடியாது என்று சொல்ல இடமில்லை. கொரோனாவில் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தபோது இழப்பு பயங்கரமாக இருந்தது. ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் கிட்டத்தட்டக் கால் பங்கு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலையில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்காரவைத்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களின் வேலை. ஒன்றரை வருட இழப்புக்கே இது நடந்தது என்றால் ஏழு நாளை ஈடுகட்டுவது மலையைப் புரட்டும் காரியமா?

சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலையும் சொல்ல வேண்டும். 2019 பட்டியலில் பங்களிப்பு ஓய்வூதிய ரத்தும் ஊதியக் குழுவின் 21 மாத நிலுவைத் தொகையும் முன்வரிசையில் இருந்தன. பிள்ளைகள் குறைந்த சிறு பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்காதே என்ற கோரிக்கையும் இருந்தது, அங்கன்வாடி எல்.கே.ஜி.க்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியரை அனுப்பாதே என்பதும் இருந்தது. பரளச்சியைச் சுற்றிய சிற்றூர்ப் பெற்றோருக்கு நேரடியாகப் பட வேண்டியவை இந்த இரண்டும்தான். அந்த ஆண்டே ஆகஸ்டில் பிள்ளைகளே இல்லாமல் போன 46 பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டன. ஆனால் எந்தச் சங்கக்காரர் சிற்றூர் மந்தையில் வந்து நின்று, உங்கள் ஊர்ப் பள்ளி போகப்போகிறது, அதற்கும்தான் போராடுகிறோம் என்று பேசினார்? கலெக்டர் ஆபீஸ் வாசலில் பேசினார்கள். ஆண்டுத் தேர்வு நெருங்கும் ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததும் ஊரின் பகையைத் தாங்களே காசு கொடுத்து வாங்கியதுபோல் ஆயிற்று.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா ஏழை மாநிலம். 2018 பிப்ரவரியில் அங்கே 55 மாவட்டத்திலும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பள்ளிச் சாப்பாட்டை நம்பிய பிள்ளைகளுக்கு முதலில் உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போராட்டத்துக்குப் போனார்கள். சிகாகோவில் 2019 அக்டோபரில் 11 பள்ளி நாள் வகுப்பு நின்றது. முடிவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சம்பள உயர்வோடு, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர் என்ற உறுதியும் இருந்தது. பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று அங்கே கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் உண்டு.

இங்கே அந்தக் காகிதத்தைக் கேட்க இடம் இல்லாமலும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தமிழ்நாட்டில் தலைவர் பெரும்பாலும் ஒரு தாய். கணக்கில் கையெழுத்துப் போடுவதோடும் ஆண்டு விழாவில் சால்வை வாங்குவதோடும் நிற்கிற அந்தக் குழு, அடுத்த வேலைநிறுத்த அறிவிப்பு வந்த வாரத்திலேயே கூடி மூன்று கேள்விகளைத் தீர்மானமாக எழுதலாம். ஒரு பிரதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒரு பிரதி சங்கத்துக்கு. இந்தப் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, ஆள் எத்தனை? கடந்த வருடம் டெபுடேஷன், பயிற்சி, தேர்தல் வேலை என்று ஆசிரியர் பள்ளியில் இல்லாத நாள் எத்தனை? போராட்டத்தில் போகும் நாட்களுக்கு ஈடான வகுப்பு எந்தெந்தச் சனிக்கிழமை? முதல் இரண்டுக்கும் கல்வி அலுவலர் பதில் எழுத வேண்டும், மூன்றாவதற்குச் சங்கம். மூன்று பதிலும் கைக்கு வந்த பிறகு, யார் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்பதை டீக்கடையில் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம்.